ஏழாம் பொந்து

இன்று காலையும் சகுராஜிமா இருமியது.
தெர்மாஸ் மூடியில், கயிற்றின் முறுக்கில்,
படகோட்டி குரோகியின் புருவத்தில்
எரிமலைச் சாம்பல்.
ஒரியே கண்ணாடிக் கவசத்தில் எச்சில் தடவிக் கழுவினாள்.
முதுகுப்பக்கமாய்ச் சாய்ந்து
கடலுக்குள் விழுந்தாள்.

எட்டு மீட்டர் ஆழத்தில் ஏழாம் பொந்து.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள்
பாறைக் கூரையில் தலைகீழாய்,
உடம்பெல்லாம் செம்மஞ்சள் பொட்டுகளுடன்.
ஓர் ஆண், மூன்று பெண்.
குடும்பம் என்று அவள் எழுதவில்லை.
பலகையில் பென்சிலால்
7-அ, 7-ஆ, 7-இ, 7-ஈ.

ஆணைப் பிடிப்பதுதான் இன்றைய வேலை.
கிராம்பெண்ணெய் ஒரு பீச்சு,
கைவலை ஒரு வீச்சு.
பிளாஸ்டிக் பைக்குள் 7-அ
வாயைத் திறந்து திறந்து மூடியது.

பிறகு அசையாமல் கிடந்தாள்.
அவள் மூச்சு மட்டும்
குமிழி குமிழியாய் மேலே போனது.

இருபது நிமிடம்.
மிச்சமிருந்த மூன்றில் பெரியது 7-ஆ
பொந்தின் வாசலுக்கு வந்தது.
இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது.
தன்னைவிடப் பெரிதாய் ஒன்றும் கண்ணில் படவில்லை.
அவ்வளவுதான்.
வயிற்றில் முட்டை அப்படியே இருக்க
துடுப்பை விரித்து
மற்ற இரண்டையும் வளைய வந்தது,
நேற்றுவரை 7-அ வளைய வந்ததுபோலவே.
உடம்பு பிறகு வந்து சேரும்,
ஒரு வாரம் பிந்தி,
முகவரி மாறிய வீட்டுக்கு வரும் தபால்போல.

என் மொழியில் மீன் அஃறிணை. நல்லவேளை.
அது முட்டையிட்டது, அது காவல் இருந்தது:
எந்த வினைமுற்றும் வழிமறித்து
அடையாள அட்டை கேட்பதில்லை.
ஒரியேயின் மொழியில் வினைக்குப் பாலே கிடையாது.
ஆனால் அவள் கையில் உள்ள படிவத்தில்
இரண்டே இரண்டு கட்டங்கள்.

ஆய்வுக்கூடத் தொட்டியில் 7-அ.
கூடவே வேறொரு பொந்தின் ஆண்,
இரண்டு மில்லிமீட்டர் பெரியது.
இரண்டு மில்லிமீட்டர்!
முதல்நாள் சண்டையில் வால் ஓரம் கிழிந்தது.
மறுநாள் முழுக்க ஒரு மூலையில்.
பன்னிரண்டாம் நாள்
குழாயின் உட்சுவரில் முட்டைகள்.
இட்டது யார் என்று பார்த்துவிட்டு
ஒரியே மறுபடியும் பார்த்தாள்.

"தோற்றதால் பெண்ணாகிவிட்டதா?"
சாம்பல் விழாமல் தேநீரைக் கையால் மூடியபடி
குரோகி கேட்டார்.
"தோல்வி இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான்."
சொன்னபிறகு அதுவும் போதாதென்று பட்டது.
புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பேராசிரியர் வராத நாட்களில்
தன் குரல் கனப்பதை
அவள் கவனித்திருக்கிறாள்.
அதை யாரும் அளந்ததில்லை.

ஒரு மாதம் கழித்து
பிடித்த இடத்திலேயே 7-அவைக் கொண்டுபோய் விட்டாள்.
வாசலில் 7-ஆ.
இதற்குள் வளர்ந்து, அரை மில்லிமீட்டர் முந்தியிருந்தது.
கிழிந்த வாலோடு மற்றது தயங்கி நின்றது.
ஒன்றையொன்று தெரிந்துகொண்டனவா?
அறிக்கையில் எழுத முடியாத கேள்வி.
7-ஆ துடுப்பை விரித்தது.
7-அ மெல்ல உள்ளே போய்
கூரையின் பழைய வழுவழுப்பில்
வயிற்றைப் பதித்தது.
முன்பு அதே இடத்தில்
அதே 7-ஆவின் முட்டைகளுக்கு
இரவும் பகலும் விசிறிக்கொண்டு இருந்தது இதுதான்.

ஒரியே பென்சிலைக் கட்டத்தின் மேல் கொண்டுபோனாள்.
முனை ஒடிந்துவிட்டிருந்தது.

மேலே வந்ததும் குரோகி கைகொடுத்துத் தூக்கினார்.
"ஏழில் எத்தனை?"
"நாலு."
"ஆண் எத்தனை?"
அவள் கவசத்தைக் கழற்றி
கண்ணோரச் சாம்பலைத் துடைத்துக்கொண்டாள்.
"இப்போது மணி என்ன?"